தண்டுவடக் காயத்துக்குப் பிறகு ஆல்பைன் பனிச்சறுக்குப் போட்டி: எங்கே தொடங்குவது, எவ்வளவு காலம் பிடிக்கும்?

கேள்வி இது: விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் போன ஒருவர் பாரா ஆல்பைன் பனிச்சறுக்கில், அதாவது மாற்றுத்திறனாளிகள் மலைச்சரிவில் இறங்கும் பனிச்சறுக்குப் பந்தயத்தில், சர்வதேசப் போட்டி வரைக்கும் போக முடியுமா? முடியுமென்றால் எங்கே ஆரம்பிப்பது, எத்தனை வருஷம் ஆகும்?

முடியும். நியூசிலாந்தின் கோரி பீட்டர்ஸ் 2009-ல் மோட்டோகிராஸ் பந்தயத்தில் விழுந்து தண்டுவடம் அடிபட்டவர். 2011-ல் உட்கார்ந்து சறுக்கப் பழகத் தொடங்கினார். 2014 சோச்சி பாராலிம்பிக்கில் ஜயன்ட் ஸ்லாலமில் (நட்ட கம்பங்களை அகலமாகச் சுற்றி இறங்கும் போட்டி) வெள்ளி வாங்கினார், 2022 பெய்ஜிங்கில் டவுன்ஹில் (மிக வேகமாக இறங்கும் போட்டி) தங்கமே வாங்கிவிட்டார். மூன்று வருஷத்தில் வெள்ளி என்றதும் எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் கரடுமுரடான தரையை வேகத்தில் படித்துப் பழகிய ஆள். அடுத்த வளைவில் வண்டி என்ன செய்யும் என்று கண் முன்கூட்டியே சொல்லிவிடும். அந்தப் பழக்கம் அப்படியே பனிக்கு வந்தது.

இன்னொரு பக்கம் ஜப்பானின் தைகி மோரி. 1997-ல் பள்ளி மாணவனாக இருந்தபோது மோட்டார் சைக்கிள் விபத்து. மருத்துவமனையில் இருந்தபடி 1998 நாகானோ பாராலிம்பிக்கைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் இந்த விளையாட்டுப் பக்கம் திரும்பினார். 2002 சால்ட் லேக் சிட்டியில் முதல் பாராலிம்பிக், 2006 டுரினில் முதல் பதக்கம். விபத்திலிருந்து மேடைக்கு ஒன்பது வருஷம். டுரினையும் சேர்த்து 2022 வரை ஐந்து பாராலிம்பிக்கிலும் தொடர்ந்து பதக்கம் வாங்கினார். அவற்றில் ஒன்றுகூடத் தங்கம் இல்லை. பனியே பார்த்திராத ஒருவர் தன் கணக்கைப் போடும்போது பீட்டர்ஸை விட்டுவிட்டு மோரியை வைத்துப் போடுவதே நல்லது. முதல் நாள் பனியிலிருந்து உலகக் கோப்பைப் போட்டியின் தொடக்க வாயில் வரை ஐந்தாறு வருஷம் என்றால் நல்ல வேகம் என்பேன்.

இந்த விளையாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் துணிச்சலைப் பற்றியே பேசுகிறார்கள். துணிச்சல் இல்லாதவர் இந்தப் பக்கம் வரப்போவதில்லை, அதைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வருகிறவர்கள் நடுவழியில் நின்றுபோவது பெரும்பாலும் இரண்டே காரணத்தால்: இருக்கை உடம்போடு ஒட்டவில்லை, அல்லது பனியில் கழித்த நேரம் போதவில்லை. ஆகவே இந்தப் பதிலில் இருக்கைக்குத்தான் அதிக இடம்.

முதலில் உடம்பு. முதுகெலும்பில் கம்பியும் திருகும் வைத்து இணைத்திருந்தால், அந்த இணைப்பு முழுக்கக் கெட்டிப்பட்டுவிட்டது என்று அறுவை செய்த மருத்துவர் படமெடுத்துப் பார்த்துச் சொல்லும் வரை சரிவில் இறங்கக் கூடாது. இதில் பேரமே கிடையாது. அதற்கு முன்பே செய்யக்கூடியவை நிறைய உண்டு: சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் காருக்கும் தரைக்கும் தானாக மாறிக்கொள்வது, தரையிலிருந்து திரும்ப ஏறுவது, சிறுநீருக்கும் மலத்துக்கும் ஓர் ஒழுங்கான நேரத்தை உடம்புக்குப் பழக்குவது. கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமாகத் தோன்றும். போட்டி நாளில் விடிவதற்கு முன்பே மலையேற வேண்டும், தடத்தைப் பார்வையிட வேண்டும், தொடக்க இடத்தில் குளிரில் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அங்கே கழிப்பறை கைக்கெட்டும் தூரத்தில் இருக்காது. அதனாலேயே பலர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள், பிறகு சிறுநீர்த் தொற்று வந்து ஒரு வாரப் பயிற்சியைத் தின்றுவிடும். கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) வைக்கும் நேரத்தைப் பயிற்சி அட்டவணையிலேயே எழுதி வைத்துக்கொள்கிறவர்தான் புத்திசாலி.

எலும்பு அடுத்தது. நடக்காத காலில் எலும்பின் அடர்த்தி, காயத்துக்குப் பின் முதல் ஓரிரு வருஷத்திலேயே வேகமாகக் குறையும். முழங்காலை ஒட்டிய எலும்புகள்தான் முதலில் பலவீனமாகும். சாதாரணமாக விழுந்தாலே முறியலாம், முறிந்தாலும் வலி தெரியாது. வீக்கம், சூடு, வழக்கத்தைவிட அதிகமான தசை இழுப்பு, இவைதான் அடையாளம். விழுந்த அன்று மாலை காலைக் கண்ணால் பார்த்துக் கையால் தடவிச் சரிபார்ப்பது கட்டாயப் பழக்கமாக வேண்டும். எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்யாமல் போட்டிப் பயிற்சியில் சேர்க்கிற பயிற்சியாளரை நான் நம்ப மாட்டேன்.

பாதம் உறைந்துபோவதும் இப்படித்தான் தெரியாமல் நடக்கும். காயத்துக்குக் கீழே உடம்பு நடுங்காது, வியர்க்காது. தன் சூட்டைத் தானே சமாளிக்கத் தெரியாது. ஓர் அளவு பெரிய, வெதுவெதுப்பான காலணி போட்டு, இடையிடையே கழற்றிப் பார்க்க வேண்டும். சூடு தரும் ரசாயனப் பொட்டலங்களை உணர்வில்லாத தோலின் மேல் நேரடியாக வைக்கக் கூடாது, வெந்துபோனால்கூடத் தெரியாது.

மார்புப் பகுதியின் ஆறாவது எலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் உள்ளவர்களுக்குத் தனியாக ஓர் ஆபத்து உண்டு. கீழே எங்காவது உறுத்தல் இருந்தால், உதாரணமாகச் சிறுநீர்ப்பை நிரம்பினாலோ பட்டை இறுக்கினாலோ, ரத்த அழுத்தம் திடீரென்று எகிறும். தலை பிளப்பது போல வலிக்கும், முகம் சிவக்கும். உடனே நிமிர்ந்து உட்கார வைத்து, பட்டைகளைத் தளர்த்தி, காரணத்தைத் தேடி நீக்க வேண்டும். தாமதித்தால் மூளையில் ரத்தக் கசிவு வரை போகும். இதே எகிறலை வேண்டுமென்றே வரவழைத்தால் உடம்புக்குக் கூடுதல் முறுக்கு கிடைக்கும் என்று கண்டுபிடித்தவர்களும் இருந்தார்கள். சர்வதேசப் பாராலிம்பிக் குழு அதைத் தடை செய்திருக்கிறது. போட்டிக்கு முன் அளந்து பார்க்கும்போது மேல் அழுத்தம் 160-ஐத் தொட்டால் இறங்க விட மாட்டார்கள்.

இனி கருவி. மோனோஸ்கீ என்பது உடம்புக்கு அச்சாக வார்த்த ஓர் ஓடு, அதன் கீழே ஓர் உலோகச் சட்டம், நடுவே ஷாக் அப்சார்பர், அடியில் பூட்ஸின் அடிப்பாகத்தைப் போலவே வடித்த ஒரு பாதம். அந்தப் பாதம், பூட்ஸைப் பலகையோடு பூட்டும் சாதாரண ஆல்பைன் பைண்டிங்கில் மாட்டிக்கொள்ளும். கீழே இருப்பது ஒற்றைப் பனிச்சறுக்குப் பலகை, நின்று சறுக்கும் வீரர்கள் போடுகிற அதே பந்தயப் பலகைதான். இரண்டு கையிலும் அவுட்ரிகர்: முழங்கை ஊன்றுகோலின் நுனியில் ஒரு குட்டிப் பலகை. மடக்கினால் தரையைத் தள்ளிப் போகலாம், விரித்தால் சறுக்கலாம்.

காலால் சறுக்குகிறவர் முழங்காலாலும் கணுக்காலாலும் செய்வதை இங்கே யார் செய்வது? மேடுபள்ளத்தை வாங்கிக்கொள்வது ஷாக் அப்சார்பர். பலகையின் விளிம்பைப் பனியில் பதிய வைப்பது இடுப்பு. அந்த இடுப்புக்கும் பலகைக்கும் நடுவே இருக்கிற ஒரே இணைப்பு அந்த ஓடு. ஓட்டுக்குள் இடுப்பு இம்மி அசைந்தாலும், நீங்கள் சாய்ந்த சாய்வு பலகைக்குப் போய்ச் சேர்வதற்குள் வளைவு கடந்துவிடும். அளவு பெரிய செருப்பைப் போட்டுக்கொண்டு ஓட்டப்பந்தயம் ஓடுவது போலத்தான். ஆகவே ஓடு இறுக்கமாக இருக்க வேண்டும்; தொடைக்கும் இடுப்புக்கும், தேவைப்பட்டால் மார்புக்கும் பட்டை போட்டு ஒரே உடம்பாக்க வேண்டும்.

இறுக்கினால் தோல் என்ன ஆவது? சிக்கல் இதில்தான். உணர்வில்லாத தோல் ஒரே இடத்தில் நசுங்கினால் படுக்கைப்புண் வரும், அது ஆற மாதக்கணக்கில் ஆகும். மெத்தையைத் தடிமனாகப் போட்டால் தோலுக்கு நல்லது, ஆனால் பலகையின் செய்தி உடம்புக்கு வராது, உடம்பின் கட்டளையும் பலகைக்குப் போகாது. மெல்லியதாகப் போட்டால் வேகம் வரும், புண்ணும் வரும். முதல் பருவத்தில் ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் இல்லாவிட்டாலும், மதியம் ஒரு முறை, மாலை ஒரு முறை கண்ணாடி வைத்துப் பின்புறத் தோலைப் பார்க்க வேண்டும். அழுத்தி எடுத்தாலும் மறையாத சிவப்பு இருந்தால் அடுத்த நாள் பனி கிடையாது. அந்த இடத்தில் ஓட்டைச் செதுக்கிவிட்டுத்தான் திரும்ப உட்கார வேண்டும். உலகக் கோப்பையில் வருகிறவர்களின் ஓடுகளைப் பார்த்தால் உள்ளே எங்கும் வெட்டும் ஒட்டும் பட்டையுமாக இருக்கும். வருஷக்கணக்கில் செதுக்கியது அது.

ஓட்டின் முதுகு எவ்வளவு உயரம் இருக்கலாம் என்பதும் அப்படியே. வயிற்றுத் தசை வேலை செய்யாதவருக்கு உயரமான முதுகு வேண்டும், இல்லாவிட்டால் முதல் பள்ளத்திலேயே முன்னால் மடிந்துவிடுவார். ஆனால் முதுகு உயர உயரப் பக்கவாட்டில் வளையும் இடம் குறையும். வளைவில் தோள் சரிவுக்கு வெளியே, இடுப்பு உள்ளே என்று உடம்பை ஒடிக்க முடிகிறவர்தான் விளிம்பை ஆழமாகப் பதிக்க முடியும். இரண்டுக்கும் நடுவே ஓர் உயரம் இருக்கிறது, அது காயத்தின் மட்டத்தைப் பொறுத்தது. பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது, சறுக்கிப் பார்த்து வெட்ட வேண்டும்.

சட்டம் பலகையில் நிற்கும் இடத்தைச் சில மில்லிமீட்டர் முன்னே பின்னே தள்ளினாலே வளைவு தொடங்கும் விதம் மாறும். ஷாக் அப்சார்பரின் திரும்பும் வேகம் அதிகமாக இருந்தால் வளைவு முடியும்போது உங்களைத் தூக்கி எறியும். குறைவாக இருந்தால் அடுத்தடுத்த மேடுகளில் அமுங்கியபடியே கிடக்கும். கடும் குளிரில் உள்ளே இருக்கும் எண்ணெய் கெட்டிப்படுவதால், நேற்று சரியாக இருந்த அமைப்பு இன்று காலை சரியாக இருக்காது. மோரி தன் இருக்கையைப் பொறியாளர்களோடு உட்கார்ந்து பல வருஷமாக மாற்றி மாற்றிச் செதுக்கியவர். அவர் இத்தனை வருஷம் பதக்க மேடையில் நின்றதற்கு அது ஒரு முக்கியமான காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஆரம்பிக்கிறவர் உடனே மோனோஸ்கீ வாங்கக் கூடாது. மாற்றுத்திறனாளிகளுக்குப் பனிச்சறுக்கு கற்றுத்தரும் மையங்களில் பல அளவுகளில் இருக்கும், அவற்றில் உட்கார்ந்து பழகலாம். அமெரிக்காவில் கொலராடோவின் வின்டர் பார்க்கில் ஹால் ஓ'லியரி 1970-ல் தொடங்கிய மையம் இவற்றில் மூத்ததும் பெரியதுமான ஒன்று. யூட்டாவின் பார்க் சிட்டியிலும் ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் நியூசிலாந்திலும் இதே மாதிரி திட்டங்கள் உண்டு. உடம்பின் நடுப்பகுதி மிகவும் பலவீனமாக இருந்தால் முதலில் பை-ஸ்கீயில் உட்கார வைப்பார்கள். அதில் கீழே இரண்டு பலகை, பின்னால் பயிற்சியாளர் கயிற்றைப் பிடித்திருப்பார். போட்டிக்குப் போக நினைக்கிறவர் அதிலிருந்து சீக்கிரம் மோனோவுக்கு மாறுவது நல்லது. இரண்டு பலகை தருகிற பத்திர உணர்வு பிறகு விடாத பழக்கமாகிவிடும்.

முதல் நாட்கள் முழுவதும் விழுவதுதான். விழுந்தால் எழத் தெரிய வேண்டும்: மலைக்குக் குறுக்காகப் பலகையைத் திருப்பி, மேல் பக்கத்து அவுட்ரிகரை ஊன்றி, ஒரே தள்ளலில் நிமிர்வது. சமதளத்தில் விழுந்தால் இன்னும் கஷ்டம். பிறகு நாற்காலி லிப்டில் ஏறுவது. சட்டத்தில் ஒரு விசை இருக்கும், அதை இழுத்தால் இருக்கை உயரும். லிப்ட் பின்னால் வரும் நொடியில் உடம்பைத் தூக்கிப் பின்னால் சரிய வேண்டும். இது தனியாகச் செய்ய வந்துவிட்டால் ஒரு நாளில் கிடைக்கும் இறக்கங்கள் இரட்டிப்பாகும். அதனால் திருப்பங்களுக்கு முன்பே இதை உருப்போட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி.

திருப்பத்தில் எல்லாரும் செய்கிற தப்பு, அவுட்ரிகரின் மேல் சாய்ந்துகொள்வது. அது ஊன்றுகோல் போல இருப்பதால் கை தானாக ஊன்றும். சாய்ந்தால் எடை பலகையை விட்டுப் போகும், விளிம்பு நழுவும். உள்பக்க அவுட்ரிகர் பனியை வெறுமனே தொட்டுக்கொண்டு வர வேண்டும், எடை முழுவதும் அந்த ஒற்றை விளிம்பில் இருக்க வேண்டும். கண் அடுத்த கேட்டை (சுற்றிப் போக வேண்டிய கம்பங்களை) பார்க்க வேண்டும், தோள் சமமாக இருக்க வேண்டும். காலால் சறுக்குகிறவருக்கு ஒரு கால் வழுக்கினால் இன்னொரு கால் இருக்கிறது. மோனோவில் விளிம்பு நழுவினால் மீள்வதற்கு இருப்பது கைகள் மட்டுமே. ஆகவே சித்திரமும் கைப்பழக்கம் என்பதை இந்த விளையாட்டில் எவராலும் குறுக்குவழியில் கடக்க முடியாது. வருஷத்துக்கு இரண்டு வாரம் பனிக்குப் போகிறவர் நன்றாகச் சறுக்குவார், பந்தயம் வெல்ல மாட்டார். தீவிரமாக இருப்பவர்கள் வடகோளத்தின் கோடையில் பனியாறுகளிலோ நியூசிலாந்திலோ சிலியிலோ பயிற்சி தொடர்கிறார்கள்.

மலையே இல்லாத நாட்டில் இருந்தால்? நெதர்லாந்தில் மலை இல்லை. அங்கே லாண்ட்கிராஃப் ஊரில் உள்ளரங்கப் பனிச்சரிவு இருக்கிறது. பாரா ஆல்பைன் போட்டிகள்கூட அங்கே நடந்திருக்கின்றன. அந்த நாட்டின் ஜெரோன் காம்ப்ஸ்க்ரூர் 2018 பியோங்சாங்கில் உட்கார்ந்து சறுக்கும் பிரிவின் சூப்பர் கம்பைன்ட் (இரண்டு வகைப் போட்டி சேர்ந்தது) தங்கத்தை வென்றார். அவர் தண்டுவடக் காயக்காரர் இல்லை, கால்கள் நீக்கப்பட்டவர். ஆனாலும் பனிநாட்டில் பிறந்தால்தான் முடியும் என்ற பேச்சுக்கு அவர் பதில். உள்ளரங்கம் ஸ்லாலம் போட்டியின் நெருக்கமான திருப்பத்துக்குப் போதும். டவுன்ஹில்லின் வேகத்தையும் நீளத்தையும் அங்கே கற்க முடியாது.

போட்டி என்று வரும்போது முதல் வாசல் வகைப்பாடு. பாரா ஆல்பைனில் மூன்று பெரும் பிரிவு: பார்வைக் குறைபாடு, நின்று சறுக்குவது, உட்கார்ந்து சறுக்குவது. உட்கார்ந்து சறுக்குவதில் எல்டபிள்யூ என்ற குறியீட்டோடு 10, 11, 12 என்று வகுப்புகள். நடு உடம்பில் பிடிமானம் இல்லாதவர்களும் மிகக் குறைவாக இருப்பவர்களும் 10. ஓரளவு இருப்பவர்கள் 11. நடு உடம்பு நன்றாக இருந்து கால் மட்டும் பாதிக்கப்பட்டவர்கள் 12. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் உள்ளே இரண்டிரண்டு உட்பிரிவு வேறு. மருத்துவ ஆவணங்கள், தசை பலப் பரிசோதனை, உட்கார்ந்த நிலையில் சமநிலைப் பரிசோதனை, பிறகு பனியில் சறுக்கும்போது கவனிப்பது என்று பார்த்து முடிவு செய்வார்கள். காயம் முழுமையற்றதாக இருந்து இன்னும் மாறிக்கொண்டிருந்தால் மறு பரிசோதனைக்கு உரியவர் என்று குறித்துவைப்பார்கள். இன்னொன்று: தண்டுவடம் அடிபட்ட எல்லாரும் உட்கார்ந்துதான் சறுக்க வேண்டும் என்றில்லை. காலில் போதிய பலம் மிஞ்சியவர்கள் இரண்டு பலகையும் இரண்டு அவுட்ரிகருமாக நின்று சறுக்கும் பிரிவில் போட்டியிடலாம். கழுத்துக் காயம் உள்ளவர்களுக்குப் பந்தயப் பாதை மிகக் குறுகலானது. யூட்டா பல்கலைக்கழகம் உருவாக்கிய டெட்ராஸ்கீ போன்ற, ஜாய்ஸ்டிக்காலும் மூச்சாலும் இயக்கும் கருவியில் அவர்கள் சரிவில் இறங்குகிறார்கள்.

வெவ்வேறு வகுப்பினர் ஒரே பதக்கத்துக்கு மோதுவதால் நேரத்தை வகுப்புக்கு ஏற்ற ஓர் எண்ணால், அதாவது காரணியால், பெருக்குவார்கள். எண்ணை நான் கணக்குக்காகத்தான் சொல்கிறேன்: ஒருவரின் காரணி 0.80 என்றால் அவர் 60 விநாடியில் இறங்கியது 48 விநாடியாக எழுதப்படும். பாதிப்பு அதிகமான வகுப்புக்குக் காரணி குறைவு. ஸ்லாலமுக்கு ஒரு காரணி, டவுன்ஹில்லுக்கு இன்னொன்று. முடிவுக் கோட்டைக் கடந்தபின் அறிவிப்புப் பலகையில் தெரியும் நேரம் கடிகாரத்தைவிட மெதுவாக ஓடியது போலத் தோன்றுவது இதனால்தான். இந்த முறை சரியா என்று ஒவ்வொரு பருவமும் சண்டை நடக்கும். என்னைக் கேட்டால், வகுப்புக்கு ஒரு பதக்கம் என்று பிரித்து மூன்று பேர் மோதுவதைவிட இது மேல்.

வகுப்பு கிடைத்ததும் தேசியக் கூட்டமைப்பு மூலம் உரிமம் வாங்கிச் சிறு போட்டிகளில் இறங்க வேண்டும். ஒவ்வொரு போட்டியிலும் வென்றவரின் நேரத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறீர்கள் என்பதை வைத்துப் புள்ளி தருவார்கள். புள்ளி குறைந்தால்தான் நல்லது. புள்ளி இறங்க இறங்க ஐரோப்பியக் கோப்பை, வட அமெரிக்கக் கோப்பை, பிறகு உலகக் கோப்பை, உலக வாகையர் போட்டி என்று வாசல் திறக்கும். 2022 வரை சர்வதேசப் பாராலிம்பிக் குழுவின் கையில் இருந்த இந்த நிர்வாகம் இப்போது சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பிடம் இருக்கிறது.

ஐந்து வகைப் போட்டியில் எதில் தொடங்குவது? ஸ்லாலமும் ஜயன்ட் ஸ்லாலமும் இரண்டு இறக்கம், நேரத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள். வேகப் போட்டிகளான சூப்பர்-ஜியும் டவுன்ஹில்லும் ஒரே இறக்கம். டவுன்ஹில்லுக்கு மட்டும் முன்கூட்டியே பயிற்சி இறக்கம் உண்டு, சூப்பர்-ஜிக்குத் தடத்தைப் பார்வையிடுவதோடு சரி. ஸ்லாலமும் வேகப் போட்டியும் சேர்ந்ததுதான் கம்பைன்ட். புதியவர் ஜயன்ட் ஸ்லாலமில் தொடங்குவதே சரி. ஸ்லாலமில் கேட் கம்பங்களைக் கையால் தட்டிக்கொண்டே போக வேண்டியிருப்பதால் உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்கு நேராகக் கம்பம் வரும். அடிப்படை உறுதியாகும் முன் அதில் இறங்கினால் கை பயத்தில் பழுதான பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். டவுன்ஹில்லில் வேகம் மணிக்கு 100 கி.மீ.-ஐத் தாண்டும். அமெரிக்காவின் ஆண்ட்ரூ குர்கா 2014 சோச்சியில் பயிற்சி இறக்கத்தில் விழுந்து அடிபட்டு ஒரு போட்டியிலும் இறங்காமல் திரும்பினார். நான்கு வருஷம் கழித்து பியோங்சாங்கில் அதே டவுன்ஹில்லில் தங்கம் வாங்கினார். விழுவதை யாராலும் தவிர்க்க முடியாது, ஆனால் வேகத்துக்குப் போகும் முன் எத்தனை பருவம் திருப்பத்தில் செலவழித்தீர்கள் என்பதைப் பொறுத்து விழும் எண்ணிக்கை மாறும்.

புதியவர்கள் எதிர்பார்க்காத ஒன்று தடத்தின் நிலை. பெரும்பாலும் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் முதலில், நின்று சறுக்குகிறவர்கள் அடுத்து, உட்கார்ந்து சறுக்குகிறவர்கள் கடைசியில் இறங்குவார்கள். உங்கள் முறை வரும்போது கேட்டைச் சுற்றிப் பனி பள்ளம் பள்ளமாகக் கிழிந்திருக்கும். மார்ச் மாத வெயிலில் மதியத்துக்குள் இளகியும் போயிருக்கும். பாராலிம்பிக் நடப்பது மார்ச்சில்தான். பயிற்சியில் வழுவழுப்பான காலைப் பனியில் மட்டும் சறுக்கிப் பழகியவர், போட்டியில் மூன்றாவது கேட்டில் தடுமாறுவதைப் பல முறை பார்க்கலாம். மற்றவர்கள் பயிற்சி முடித்துப் போன பிறகு அந்தக் கிழிந்த தடத்திலேயே பழக வேண்டும்.

பனியில்லாத மாதங்களில் உடம்பை வளர்க்க இன்னொரு விளையாட்டு உதவும். அலானா நிக்கோல்ஸ் ஸ்னோபோர்டு விபத்தில் தண்டுவடம் அடிபட்டவர். 2008 பெய்ஜிங்கில் சக்கர நாற்காலிக் கூடைப்பந்துத் தங்கம், 2010 வான்கூவரில் டவுன்ஹில்லிலும் ஜயன்ட் ஸ்லாலமிலும் தங்கம். ஜப்பானின் மோமோகா முராவோகா 2021-ல் நடந்த டோக்கியோ போட்டிகளில் 100 மீட்டர் சக்கர நாற்காலி ஓட்டத்தில் ஆறாவதாக வந்துவிட்டு, சில மாதங்களிலேயே பெய்ஜிங் பனியில் மூன்று தங்கம் வாங்கினார். ஆனால் தோளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நாற்காலியைத் தள்ளுவதும் கட்டிலுக்கு மாறுவதும் அவுட்ரிகரைப் பிடிப்பதும் ஒரே தோள்தான். காலால் நடக்கும் வீரருக்குத் தோள் கிழிந்தால் ஒரு பருவம் போகும், இவருக்குக் குளியலறைக்குப் போகவும் இன்னொருவர் வேண்டும். தோளின் பின்பக்கத் தசைகளை வலுப்படுத்துவதைப் பளு தூக்கும் கணக்கைவிட மேலே வையுங்கள்.

ஏற்கெனவே பனிச்சறுக்கு தெரிந்தவருக்கு இது சுலபமா? வேகமாக வருகிறது என்பது உண்மை. கிறிஸ் வாடெல் 1988-ல் கல்லூரி அணிக்காகச் சறுக்கும்போது விழுந்தார், ஓராண்டுக்குள் மோனோவில் இருந்தார், 1992-லேயே பாராலிம்பிக் பதக்கம் வாங்கினார். சாரா வில்லும் அதே 1988-ல் பனியில் அடிபட்டவர். நான்கு பாராலிம்பிக்கில் 12 தங்கம். பயிற்சியாளராக இருந்த ஜோஷ் டியூக் 2004-ல் மாணவர்களுக்குத் தாவிக் காட்டும்போது விழுந்தார், 2014-ல் தங்கம் வாங்கினார். சரிவைப் படிப்பதும் இறங்கும் கோட்டைத் தேர்வதும் இவர்களிடம் ஏற்கெனவே இருந்தன. மறக்க வேண்டியதும் இருக்கும்: இல்லாத முழங்கால் வேலையை உடம்பு தேடிக்கொண்டே இருக்கும். அந்தப் பழைய வேகத்தோடு ஒப்பிட்டு முதல் பருவத்தில் மனம் கசந்து விலகுகிறவர்களும் உண்டு.

இப்போது ஆரம்பிக்கிறவருக்கு என் யோசனை: முதல் பருவத்தில் போட்டி என்ற பேச்சையே எடுக்காமல், மையத்தின் இருக்கைகளில் குறைந்தது மூன்று வகையில் உட்கார்ந்து பாருங்கள். எதில் எங்கே சிவந்தது, எந்தப் பக்கத் திருப்பம் தாமதமானது என்று எழுதி வையுங்கள். தண்டுவடக் காயம் இரண்டு பக்கமும் சமமாக இருப்பது அரிது, ஆகவே இடது திருப்பமும் வலது திருப்பமும் ஒன்றாக இருக்காது. இரண்டாம் பருவத்தில் அந்தக் குறிப்புகளோடு போய் உங்கள் ஓட்டை வார்க்கச் சொல்லுங்கள். வகைப்பாட்டுக்கான மருத்துவ ஆவணங்களை அந்தச் சமயத்திலேயே திரட்டத் தொடங்குங்கள். பழைய மருத்துவமனைகளிலிருந்து அறுவைக் குறிப்புகளை வாங்குவதற்குப் பனியில் திருப்பம் பழகுவதைவிட அதிக நாள் ஆகலாம்.